இருபத்து மூன்றாம் எண் ஒளி

எங்கள் குழுவின் படிவத்தைத் தயாரித்தவன் நான். அதனால் அது கிரயப் பத்திரத்தின் சாயலில் இருந்தது. இருபத்தாறு வருடமாகத் திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவனுக்கு வேறு வடிவம் தோன்றாது. வானத்தில் கண்ட ஒளிக்கு முதலில் நான்கெல்லை: வடக்கில் என்ன, தெற்கில் என்ன, கிழக்கில் என்ன, மேற்கில் என்ன. அடுத்து உயரம், கையை நீட்டி, முஷ்டி மடக்கி, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ண வேண்டும். பிறகு நிறம், ஓசை, போன திசை, தெரிந்த கால அளவு. ஏழாவது கேள்வி, "பார்த்து முடித்ததும் கடிகாரத்தில் மணி என்ன?" கடைசியில் கண்டவர் கையொப்பம், இரண்டு சாட்சிகள். கண்டவருக்கு ஒரு நகல் கொடுப்போம். அதையும் நான்தான் வழக்கமாக்கினேன். நகலில் குழுவின் ரப்பர் முத்திரை இருக்கும். நனையாமல் இருக்கட்டும் என்று லேமினேட் செய்தும் கொடுப்பேன்.

குழு என்றால் நான்கு பேர். இன்னொருவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கம்பத்தின் மேலிருந்து வானத்தைப் பார்த்தவர் என்பதால் அவருக்கு ஒரு தனி உரிமை இருந்தது. நாங்கள் அவரை அண்ணே என்போம். மூன்றாமவர் கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடா நாடொன்றில் விமான நிலையத்தில் பதினாறு வருடம் சாமான் ஏற்றி இறக்கிவிட்டு வந்து, இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். விளக்கைப் பார்த்தே என்ன விமானம் என்று சொல்லிவிடுவார். எங்களுக்கு அவர் பாய். நான்காவது, பள்ளியில் இயற்பியல் நடத்தும் டீச்சர். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் டீச்சர் டியூஷன் எடுக்கிற அறையில் கூடுவோம். பறக்கும் தட்டைத் தேடுகிறோமாம், ஊரில் எங்களுக்கு "தட்டு சங்கம்" என்று பெயர். கீழே டீக்கடைக்காரர் மட்டும் விடாமல் கேட்பார்: "இன்னா சாரே, தட்டு வந்துச்சா? வந்தா மேல கூட்டிக்கினு போயிடாதீங்க, இங்க ஒரு டீ குடிச்சிட்டுப் போவச் சொல்லுங்க."

நான் ஏன் இதை ஆரம்பித்தேன் என்பதை நாட்குறிப்பில் நான்கே வரியில் எழுதியிருக்கிறேன். பிரம்மதேசத்தில் ஒரு பாகப்பிரிவினைக்காகப் போய்விட்டுத் திரும்புகையில், பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, கிழக்கே பச்சை நிறத்தில் ஒரு நெருப்புத் துண்டு வானத்தைக் குறுக்காகக் கடந்தது. இரண்டு நொடி இருக்கும். என் நிழல் தரையில் ஒரு முறை நகர்ந்தது. விண்கல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் அந்த நிழல் நகர்ந்தது மனதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து அண்ணாந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

பதிவேட்டில் இருபத்திரண்டு பதிவுகள் சேர்ந்திருந்தன. இருபத்திரண்டையும் பச்சை மையில் முடித்து எழுதியிருந்தேன். வெள்ளிக் கோள் ஐந்து முறை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ராக்கெட் இரண்டு முறை, கல்யாண வீடியோக்காரரின் ட்ரோன், ஏரிக்கரை மின்கம்பத்தில் விரிசல் விட்ட பீங்கானில் மழைநாளில் பறந்த பொறி. பொறியை அண்ணன்தான் கண்டுபிடித்தார். எங்களிடம் ஒரு சிவப்பு மைப் பேனாவும் இருந்தது. காரணம் கண்டறியப்படாத பதிவுக்காக வாங்கியது. ஒன்பது வருடமாக அதன் மூடியைத் திறக்கவில்லை. நாங்கள் நால்வருமே அதைத் திறக்க ஆசைப்பட்டோம் என்பதை மறைக்க மாட்டேன்.

இருபத்து மூன்றாம் பதிவு டீச்சர் வழியாக வந்தது. அவர் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியின் அம்மா, முப்பத்தைந்து வயதிருக்கும், மயிலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம், ஷூ கம்பெனியில் வேலை. மாசி மாதக் கடைசியில், மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மல்லாட்டை என்கிற நிலக்கடலையை அள்ளிவிடலாம் என்று பொழுது சாய்ந்ததும் ஏறியிருக்கிறார். மயிலம் மலைக்கு மேலே ஒரு வெளிச்சம் கிளம்பியது. நட்சத்திரம் போல இருந்தது, ஆனால் நடந்தது. சத்தமே இல்லை. பெரிதாகிக்கொண்டே வந்து, ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே சிவந்து, இல்லாமல் போய்விட்டது. அவர் முறத்தை அங்கேயே போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். கூடத்துக் கடிகாரத்தில் மணி ஏழு இருபது.

நான் அவர் வீட்டுக்கே போய்ப் படிவத்தை நிரப்பினேன். அவ்வளவு தெளிவாகச் சொன்ன சாட்சியை நான் பத்திரத் தொழிலிலும் கண்டதில்லை. முஷ்டி வைத்து அளக்கச் சொன்னால் மூன்று முறை அளந்து மூன்று முறையும் ஒரே எண்ணைச் சொன்னார். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் கேட்டேன். சரியாக ஓடுகிறது, அவர் கணவர் அதைப் பார்த்துத்தான் காலையில் கிளம்புகிறார், ஒரு நாளும் பஸ்ஸை விட்டதில்லை என்றார். இதைவிடச் சான்று வேண்டுமா என்று நானும் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை விண்வெளி நிலையம் அந்தப் பக்கமாகத்தான் போயிருந்தது. கைபேசியில் பழைய பட்டியலைப் பார்த்தோம். ஏழு ஏழுக்கு மயிலம் மலைப் பக்கம் எழும்பி, ஏழு பத்துக்கு நடுவானில் பூமியின் நிழலுக்குள் மறைந்திருக்கிறது. பாய் அப்போதே, "அதுதான் இது, விடுங்க சார்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் வித்தியாசம். எல்லை ஓர் அடி மாறினால் அது அதே மனை ஆகுமா என்று கேட்டேன். டீச்சர் தயங்கினார். அண்ணன் சிவப்புப் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "காரணம் கண்டறியப்படவில்லை" என்று எழுதினேன். மை முதலில் ஓடவில்லை. காகிதத்தில் கிறுக்கிப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அன்று மாலை நால்வரும் டீக்கடையில் நின்று, டீ ஆறும் வரை மேம்பாலத்துக்கு மேலே தெரிந்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முத்திரை குத்தி, லேமினேட் செய்த நகலை மறுநாளே அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டரை மாதம் கழித்து, ஒரு மதியம், அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பையிலிருந்து அந்த நகலை எடுத்து வைத்தார். ஒரு மூலையில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"சார், இதை ரத்து பண்ண முடியுமா?"

பத்திரம் எழுதுகிற இடத்தில் தினமும் கேட்கிற கேள்விதான். ஆனால் எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் உட்கார்ந்து சொன்னார். நகல் வந்த பிறகுதான் வீட்டில் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. அதுவரை அவர் கண்டது ஏதோ பிளேன் என்று விட்டுவிட்டார்கள். மாமியார் அந்தக் காகிதத்தைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொன்னார். பிளேன் இல்லை, ராக்கெட் இல்லை, நட்சத்திரம் இல்லை, காரணம் தெரியவில்லை என்று படித்தவர்களே சீல் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அது என்ன? பொழுது சாய்ந்த நேரத்தில் மாடியில் தனியாக நின்றவள் மேல் எதுவோ இறங்கியிருக்கிறது. மூன்று அமாவாசையாக மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். கம்பெனி பஸ் இருட்டுகிற நேரத்தில் கொண்டுவந்து விடுகிறது என்பதால் வேலைக்கு அனுப்புவதில்லை. மாடிக் கதவுக்குப் பூட்டு. கம்பெனியில் சூப்பர்வைசர் மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் முடியாதாம்.

"அம்மன் கோயிலுக்குப் போறது எனக்கு ஒண்ணும் இல்ல சார். நானா கேட்டுக்கூடப் போவேன். ஆனா நான் ஒரு சொம்பு கீழ போட்டாலும் அதோட வேலைதான்றாங்க. என் பொண்ணே என்னைப் பயந்துக்கினு பார்க்குது."

நான் அவரிடம் சொன்னதை நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன். கண்டது உண்மை என்றால் பதிவை ரத்து செய்ய முடியாது, காரணம் தெரிந்தால் முடித்து வைக்கலாம், தெரியவில்லையே என்றேன். அவர் நகலை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று இரண்டு விற்பனைப் பத்திரத்திலும் எல்லையைத் தப்பாக எழுதித் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

அந்த வாரத்திலேயே எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் நின்றுவிட்டது. புது செல் போட்டு, கைபேசியைப் பார்த்து நொடி பிசகாமல் மணி வைத்தேன். மாட்டப் போகும்போது என் மனைவி சமையல் அறையிலிருந்து, எப்போதும் போலப் பத்து நிமிஷம் முன்னால் வைக்கச் சொன்னார். நான் விரலால் பெரிய முள்ளைத் தள்ளினேன். பாதியில் விரல் நின்றது.

இருபது வருடமாக அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. நானும் தினமும் அதைப் பார்த்து மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். கழிக்கிறோம் என்பதே தெரியாமல் கழிக்கிறேன். திண்டிவனத்தில் பஸ் பிடிக்கிற எந்த வீட்டுக் கடிகாரமும் சரியான மணி காட்டாது. ஒரு நாளும் பஸ்ஸை விட்டதில்லை என்று அந்தப் பெண் சொன்னபோது, அதை நான் கடிகாரம் சரி என்பதற்குச் சாட்சியாக எழுதிக்கொண்டேன். அது தப்பு என்பதற்குத்தான் சாட்சி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டில் நின்றேன். கணவர் கிளம்பிக்கொண்டிருந்தார். என் கைபேசியைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். கைபேசியில் ஆறு நான்கு, சுவரில் ஆறு பதினான்கு.

"அது ஃபாஸ்டா வெச்சிக்கிறது சார்" என்றார் கணவர். "எல்லார் வூட்லயும் அப்படித்தானே?"

அவர் மனைவி என்னையே பார்த்தார். "கடிகாரத்துல மணி இன்னான்னு கேட்டீங்க. அதுல இருந்ததைத்தான் நான் சொன்னேன்."

சரியான மணி என்ன என்று நான் கேட்கவே இல்லை. ஏழாவது கேள்வியை எழுதியவன் நான்.

ஏழு இருபதில் பத்தைக் கழித்தால் ஏழு பத்து, அவர் கண்டது விண்வெளி நிலையம்தான், மனிதர்கள் கட்டி அனுப்பியது, தினமும் பூமியைச் சுற்றுகிறது என்று மாமியாரிடம் விளக்கினேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாள் அடுப்படி வாசலில் கை கட்டி நின்று முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு நீங்கதான் சீல் குத்திக் குடுத்தீங்க. இன்னிக்கு நீங்களே இல்லன்றீங்க. நாளைக்கு இன்னா சொல்வீங்களோ. பேப்பர் எல்லாம் வேணாஞ் சாரே."

அதில் தப்பு சொல்ல முடியாது. இன்னொரு காகிதம் கொடுப்பதில் பயனில்லை. அங்கேயே கைபேசியில் பட்டியலைப் பார்த்தேன். எட்டு நாள் கழித்து, மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, அதே பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட அதே பாதையில் ஒரு முறை வருகிறது. எழும்புவது ஏழு பதினாறு. மறைவது ஏழு இருபது. அன்றைக்கு மாடிக் கதவைத் திறந்து வைத்து, என்னோடு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். மருமகள் காலண்டரில் அந்தத் தேதிக்கு வட்டம் போட்டார்.

இரண்டாம் ஞாயிறுக்குக் காத்திருக்காமல் அந்த ஞாயிறே கூடி மூவரிடமும் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, சிவப்பு மை இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதையும் மூடிட்டா, அப்புறம் நாம இன்னாத்துக்கு இங்க வந்து குந்திக்கினு இருக்கறது?" என்றார். டீச்சர் மட்டும், அந்தப் பெண்ணின் மகள் பள்ளியில் யாரோடும் பேசாமல் இருப்பதைச் சொன்னார். அண்ணன் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

குறித்த நாளில் மதியம் வரை மேகம். நான் பத்து முறையாவது வெளியே வந்து பார்த்திருப்பேன். நான்கு மணிக்கு மேற்கே வெளுத்தது. ஆறரைக்கு நால்வரும் அந்த மாடியில் இருந்தோம். கணவர் கோரைப் பாயை விரித்தார். மகள் டீச்சருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். மாமியார் கடைசிப் படியில் உட்கார்ந்தார்; மாடிக்குள் வரவில்லை. மயிலம் மலை தென்மேற்கில் இருட்டிக்கொண்டு வந்தது. மேலே கோயில் விளக்குகள் எரிந்தன. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கொசு கடித்தது. என் கைபேசியில் ஏழு பதினைந்து. நிறுத்துக் கடிகாரம் தயாராகக் கையில் இருந்தது. பட்டியல்கள் சில சமயம் மாறும் என்பது எனக்குத் தெரியும்.

ஏழு பதினாறு ஆயிற்று. ஒன்றும் இல்லை. கணவர் மெல்லக் கனைத்தார்.

"அதோ" என்றார் அந்தப் பெண்.

கோயில் விளக்குகளுக்குச் சற்று மேலே, ஒரு மங்கலான புள்ளி. விளக்கில் ஒன்று கழன்று மேலே வந்தது போல இருந்தது. அது ஏறியது. அவசரமே இல்லை, ஆனால் எங்கும் நிற்கவில்லை. ஏற ஏற வெளிச்சம் கூடியது. அந்த வானத்தில் வேறெதுவும் அவ்வளவு பிரகாசமாக இல்லை. சத்தம் இல்லை. தொடரின் வசனம் கேட்கிறது, எங்கோ பஸ் ஹாரன் கேட்கிறது, இத்தனைக்கும் மேலே ஒரு வீடு ஓசையின்றிப் போகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஐந்து நொடியில் போகிற வேகம் என்று எனக்குத் தெரியும். நானூறு கிலோமீட்டர் உயரம் என்று தெரியும். எண்கள் எல்லாம் தெரிந்துதான் நின்றேன். ஒன்றும் உதவவில்லை. வெள்ளிக் கோளைப் பார்க்கும்போது அது வெள்ளிதான் என்று தெரிந்ததும் கொஞ்சம் சப்பென்று போகும். இது என்னவென்று தெரிந்த பிறகுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தலைக்கு மேலே வந்ததும் அது பழுத்த நிறமாயிற்று. பிறகு அடுப்புக் கங்கு போல. பிறகு இல்லை.

நான் நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தவே இல்லை. ஒன்பது வருடத்தில் முதல் முறை.

"இப்படித்தான்" என்றார் அந்தப் பெண், மெதுவாக. "அப்பிடியே இப்படித்தான் போச்சு."

அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. விட்ட இடத்திலிருந்து ஒரு வேலையைத் தொடர்கிறவர் மாதிரி இருந்தது. மகள் டீச்சருக்குப் பின்னாலிருந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் எப்போது படியிலிருந்து எழுந்து மாடிக்கு நடுவே வந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. கழுத்தை முழுக்க அண்ணாந்து, அது மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைந்துவிட்டதா என்று கேட்டார். அணையவில்லை, நமக்கு இரவு வந்துவிட்டது, அதற்கு இவ்வளவு நேரமும் வெயில் பட்டுக்கொண்டிருந்தது, இப்போதுதான் அதுவும் இரவுக்குள் போயிருக்கிறது, அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது என்றார் டீச்சர்.

"உள்ள ஆளுங்க கீறாங்களா?"

"ஏழு பேரும்மா" என்றார் பாய்.

அந்த அம்மாள் அதை யோசித்தார். சமையல் எப்படி, தூங்குவது எங்கே என்றெல்லாம் கேட்டார். பாய் தெரிந்ததைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவங்களுக்கு நாம தெரிவமா?" என்றார்.

ஆட்கள் தெரிய மாட்டார்கள், ஆனால் ஊர்களின் விளக்குகள் தெரியும். புதுச்சேரிக் கரை தெரியும், திண்டிவனம் ஒரு புள்ளியாகத் தெரியும் என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். எங்களுக்குப் பின்னால், மாடிப் படிக் கூரையில் ஒரு பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. வானம் தெரிவதற்காக நான்தான் போடாமல் இருக்கச் சொல்லியிருந்தேன்.

"ஏ பொண்ணே, போய் லைட்டைப் போடு" என்றார் மருமகளிடம். "இருட்டுல இருந்தா அவங்களுக்கு இன்னா தெரியும்." மருமகள் சுவிட்சை நோக்கி நடந்தபோது, மாமியார் பின்னாலேயே சாதாரணக் குரலில் இன்னொன்றும் கேட்டார்: "கம்பெனி பஸ்ஸு காலைல எத்தினி மணிக்கு வருது?"

விளக்கு எரிந்தது. நாங்கள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். அண்ணன் மட்டும் இன்னும் வடகிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், அது இருக்கிற திசையை.

பதிவேட்டை அந்த வெளிச்சத்திலேயே விரித்துப் பச்சை மையில் முடித்தேன். அந்தப் பெண் கையொப்பமிட்டார். சாட்சிகளில் ஒன்று மாமியாரின் கைநாட்டு. கால அளவுக் கட்டம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பவில்லை.

அண்ணனின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த இரண்டாம் ஞாயிறு நான்கு மணிக்கு நான் மாடி ஏறியபோது, அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை அது எப்போது வருகிறது என்று பாயிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.